கடல் இறங்கிப்போகும் ஊர்

தங்கை பிரான்சில் இருக்கிறாள் என்று காரைக்கால் டவுனில் சொன்னால் யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். அங்கே எந்தத் தெருவில் நுழைந்தாலும் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரு வீடாவது இருக்கும். திருவேட்டக்குடியில், எங்கள் மீனவத் தெருவில், அதைச் சொன்னால் கதை வேறு. "எப்புடி?" என்று முதலில் கேட்பார்கள். பிறகு, "அவங்க எப்புடி ஒத்துக்கிட்டாங்க?" என்பார்கள்.

ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. தங்கை நர்சிங் முடித்துவிட்டு டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் தன் அப்பாவை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். அப்பா குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். மகன் மட்டும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தார். மீன்காரர் வீட்டுப் பெண் வேண்டாம் என்றார்கள் அவர்கள் வீட்டில். சொந்தம் விட்டு அசலில் கொடுக்க வேண்டாம் என்றார்கள் எங்கள் தெருவில். நான் கொடுப்பேன் என்றேன். அம்மா சுனாமியில் போன பிறகு அவளை வளர்த்தது நான். கல்யாணம் செய்துகொள்ளாமல், துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியின் ஆபீசில் உட்கார்ந்து, அவளைப் படிக்கவைத்ததும் நான். அதனால் முடிவும் என்னுடையதுதான்.

போன கோடையில் அவளைப் பார்க்கக் கிளம்பினேன். அதற்கும் தெருவில் பேச்சு எழுந்தது.

"பொம்பள தனியா ஃப்ளைட்டு ஏறிப் போயி அப்புடி என்னத்தப் பாக்கப்போற? டிவியில பாக்காததா?" என்றார் சித்தப்பா.

"டிவியில பாக்குறதுக்கு நான் எதுக்கு லீவு போடணும்?" என்றேன்.

பாரிசில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் போக வேண்டிய ஊர் அது. வடமேற்குக் கரையில் கடலை ஒட்டிய சின்ன ஊர். ஸ்டேஷனுக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் காரில் வந்திருந்தார்கள். என் பெட்டியை டிக்கியில் வைத்துக் கதவைச் சாத்தியதுமே மாப்பிள்ளை தொடங்கிவிட்டார்.

"அக்கா, இங்க சில விஷயம் இருக்கு. பஸ்சுல சத்தமாப் பேசக்கூடாது. கடைக்குள்ள நுழைஞ்சா மொதல்ல போன்ழூர்னு வணக்கம் சொல்லணும், சொல்லாம எதையும் கேட்டா மரியாதை இல்லன்னு நெனப்பாங்க. பழத்தத் தொட்டுப் பாக்கக்கூடாது. அப்புறம் நீங்க கருவாடு கொண்டாந்திருப்பீங்க. அதை வீட்டுல வறுக்க வேணாம். பக்கத்து வீட்ல ஒருதடவ கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்க."

"வறுக்காம பச்சையாத் திங்கலாமா மாப்ள?"

தங்கை முன்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கெட்டவர் இல்லை அவர். என் தங்கையைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறார். ஆனால் யாராவது நம்மைத் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு எந்நேரமும் இருந்தது. நானோ மீன் மார்க்கெட்டில் வளர்ந்தவள். திரும்பிப் பார்க்கவைத்தால்தான் எங்களுக்கு வியாபாரம்.

முதல் இரண்டு நாளும் கண்ணை அகலத் திறந்துகொண்டு திரிந்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகும் வெளியே வெயில் அடித்தது. ஆளுயர ரொட்டியைக் காகிதம்கூடச் சுற்றாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு கோட்டு போட்டவர்கள் நடந்தார்கள். ஒரு ஓட்டலில் நாய் நாற்காலிமேல் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் எங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மீன் கடையில் சத்தமே இல்லை, கோயிலில் நிற்பதுபோல் வரிசையில் நின்றார்கள். மீனைத் துண்டு போட்டுவிட்டுத் தலையை ஒரு டப்பாவில் தனியாகத் தள்ளினாள் கடைக்காரி. அந்தத் தலைகளைக் கேட்டு வாங்கச் சொன்னேன் தங்கையிடம். மாப்பிள்ளை, "வேணாங்க, அசிங்கம்" என்று அவள் கையைப் பிடித்தார். நானே முன்னால் போய் போன்ழூர் சொல்லி, டப்பாவைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டினேன். ஒரு பை நிறையத் தலை கொடுத்தாள். அன்றைக்குக் குழம்பை மாப்பிள்ளை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜன்னலை மட்டும் இறுக்கிச் சாத்திவிட்டார்.

மூன்றாம் நாள்தான் கடற்கரைக்குப் போனோம்.

கரை நெடுக உயரமான கல்சுவர். அதன்மேல் நடைபாதை, பெஞ்சுகள். கீழே போகப் படிக்கட்டு. நாங்கள் போனபோது தண்ணீர் சுவரை முட்டிக்கொண்டு நின்றது, படிக்கட்டில் பாதி முழுகியிருந்தது. எங்கள் கடல்போல் அலையடிக்கவில்லை. சாம்பல் நிறத்தில் கனத்துக் கிடந்தது. பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். பயணக் களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. வெயில் இதமாக இருந்தது. தங்கையின் பையைத் தலைக்கு வைத்துக் கொஞ்சம் சாய்ந்தேன். "நீ தூங்கு அக்கா. நாங்க சும்மா கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வர்றோம்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

நான் எழுந்தபோது கடல் இல்லை.

சும்மா சொல்லவில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தேன், தங்கையையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் காணோம். சுவரை முட்டிக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதும் போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் சேறும் மணலும் பாசியும்தான். மிதந்துகொண்டிருந்த படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் படுத்துக் கிடந்தன. நங்கூரச் சங்கிலிகள் மண்ணில் பாம்புபோல் நெளிந்து கிடந்தன. தொலைவில், வானம் தொடங்கும் இடத்தில், ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. அந்தக் கோட்டை நோக்கி ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கையில் வாளியோடு, கூடையோடு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான் போனார்கள். அன்று காலை முதல் அலை வந்து தெருவரைக்கும் ஏறிவிட்டுத் திரும்பியது. திரும்பும்போது கடலையே இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் ரோட்டுமேட்டில் நின்றோம். ஒன்பது வயதுத் தங்கையை நான் இடுப்பில் தூக்கி வைத்திருந்தேன். கீழே தரையில் மீன் துள்ளியது. புரண்டு கிடந்த படகுகளைப் பார்க்க ஆண்கள் இறங்கினார்கள். அம்மா, "அன்னக்கூடைய எடுத்துட்டு வந்துடுறேன், அங்கதான் கெடக்கு" என்று இறங்கினாள். கூடை கண்ணுக்குத் தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். இரண்டாவது அலை வந்தபோது அவள் குனிந்து கூடையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கடல் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு முழம் இரண்டு முழம். அதற்குமேல் கடல் இறங்கினால் என்ன அர்த்தம் என்பதை நான் ஒரேயொரு முறைதான் படித்திருக்கிறேன். எனக்கு வேறு அர்த்தம் தெரியாது.

படிக்கட்டில் பாசி வழுக்கியதுகூடத் தெரியாமல் கீழே ஓடினேன். "வாங்க! எல்லாரும் மேல வாங்க! ஓடியாங்க!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன், எனக்கு வேறு என்ன வரும்? சிலர் நின்று பார்த்தார்கள். யாரும் வரவில்லை. பக்கத்தில் ஒரு பெண் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். ரப்பர் பூட்ஸ், சிவந்த முகம், பக்கத்தில் வாளி. அவள் குனிந்திருந்ததைப் பார்த்ததும் அவளிடம் பாய்ந்தேன். அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தேன். வாளி கவிழ்ந்தது. அவள் கத்தினாள். நான் விடவில்லை. படிக்கட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே இரண்டு ஆண்கள் வந்து என் விரல்களைப் பிரித்தார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னால் வந்த தங்கை படிக்கட்டின் மேலேயே நின்றுவிட்டாள். அவர் எல்லாரையும் பார்த்துக் கையைக் கூப்பாத குறையாகப் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். சொல்லிக்கொண்டே விரலால் தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். கோபமாக இருந்த முகங்கள் சட்டென்று இளகின. அந்தப் பெண்கூட என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

அந்த இரக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையை அடுப்படிக்குள் கூப்பிட்டேன். "என்ன சொன்னாரு அவங்ககிட்ட?"

அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"சொல்லு."

"தலைக்குக் கொஞ்சம் சரியில்லன்னு சொன்னாரு. வேற என்னக்கா சொல்றது? போலீசக் கூப்புட்டிருப்பாங்க."

"நடந்ததச் சொல்லியிருக்கலாம்."

"அந்த நேரத்துல அவ்வளவு பெரிய கதைய எப்புடிச் சொல்றது?"

"எதுக்குக் கதை? சுனாமின்னு ஒரு வார்த்தை. அது எல்லா ஊருலயும் ஒண்ணுதானே?"

அவள் குழாயை நிறுத்தினாள். "அவருக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியாது? அம்மா சுனாமியில போனது தெரியாதா?"

"அது தெரியும். நாம பாத்துக்கிட்டு நின்னது தெரியாது. நான் சொன்னதில்ல. இங்க வந்த புதுசுல நானும் கடல் எறங்குனதப் பாத்துட்டு வீட்டுக்கு ஓடியாந்துட்டேன். ஒரு மாசம் செருப்பு போட்டுக்கிட்டேதான் தூங்குனேன். கேட்டாரு, குளிருதுன்னு சொல்லிட்டேன். இன்னைவரைக்கும் அந்தப் படியில நான் கால வச்சதில்ல. நீ தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள வந்துடலாம்னு நெனச்சேன்."

"அவருகிட்ட ஏன் சொல்லல?"

"சிரிப்பாரோன்னு."

எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியாத அளவுக்குக் கோபம் வந்தது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும், "நாளைக்கு அதே எடத்துக்குப் போவணும். அந்தப் பொம்பளகிட்ட நான் பைத்தியம் இல்லன்னு சொல்லணும்" என்றேன்.

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, "விடுங்கக்கா. யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க" என்றார்.

"நான் வச்சுக்குவனே."

"எனக்கு நாளைக்கு டியூட்டி."

"நீங்க வர வேணாம் மாப்ள. இவ வருவா."

மறுநாள் பஸ்ஸில் போனோம். வேண்டுமென்றே சத்தமாகப் பேசிக்கொண்டு போனேன் என்று தங்கை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். சுவர்மேல் உட்கார்ந்து கடல் இறங்குவதை முதலிலிருந்து பார்த்தோம். அது ஓசையே இல்லாமல் இறங்கியது. யாரோ பாயைச் சுருட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. தங்கை என் கையைப் பிடித்தபடியே இருந்தாள், அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

ரப்பர் பூட்ஸ்காரி வந்தாள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நடந்தாள். நான் எழுந்து போய் முன்னால் நின்று போன்ழூர் சொன்னேன். தங்கையைப் பேசச் சொன்னேன். முதலில் மெதுவாக, திக்கித்திக்கிப் பேசினாள். பிறகு நான் சொல்லாததையெல்லாம் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். அம்மா, கூடை, ரோட்டுமேடு எல்லாம் அதில் இருந்தது என்பது அவள் கை போன போக்கிலேயே எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் முழுவதையும் கேட்டாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, கண்கலங்கவும் இல்லை. சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைக்குக் கீழே கன்றிப்போயிருந்த இடத்தைக் காட்டினாள். என்னவோ சொன்னாள்.

"வாளியில இருந்த சிப்பியெல்லாம் போச்சாம். நேத்து வீட்டுக்கு ஆளுங்க வர்றதா இருந்தாங்களாம்" என்றாள் தங்கை.

"நான் பொறுக்கித் தர்றேன்னு சொல்லு."

"அக்கா!"

"சொல்லு நீ."

அவள் சொன்னதும் அந்தப் பெண் என் புடவையையும் காலையும் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையை விரலால் தட்டிக் காட்டினாள். கடல் எப்போது இறங்கும், எப்போது ஏறும் என்று அதில் நாள்வாரியாக அச்சடித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்க்காமல் இறங்குகிறவர்கள் இங்கேயும் செத்துப்போவதுண்டாம். தண்ணீர் முன்னால் வருவதற்குள் பள்ளம் வழியாகப் பின்னால் வந்து சுற்றிக்கொள்ளுமாம்.

அந்தப் பலகைமுன் நான் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த ஊருக்குக் கடல் சொல்லிவிட்டு வருகிறது. எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒரு பலகை வேண்டாம், ஒரு ஆள் வந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். நேற்று நான் போட்டேனே, அந்த மாதிரி ஒரு சத்தம். அதற்கு என்னைப் பைத்தியம் ஆக்கினார்கள்.

செருப்பைக் கழற்றிச் சுவரடியில் வைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கினேன்.

மணல் கெட்டியாக, வரிவரியாக இருந்தது. பாதத்தில் அந்த வரி உறுத்தியது. குளிர் எலும்புவரை ஏறியது. ஒவ்வோர் அடிக்கும் திரும்பு திரும்பு என்று உடம்பு சொன்னது. நான் திரும்பவில்லை. சாய்ந்து கிடந்த படகைத் தாண்டினேன். அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரமாக இருந்தது. மண்ணில் சின்னச் சின்ன ஓட்டை தெரிந்த இடத்தில் அந்தப் பெண் குனிந்து கிளறினாள். எங்கள் ஊர் மட்டிச் சிப்பி மாதிரியேதான், உருண்டையாக, வரி போட்ட ஓடு. நான் கையால் ஒன்று எடுப்பதற்குள் அவள் நாலைந்து எடுத்து வாளியில் போட்டாள். பரவாயில்லை. நிறுத்தாமல் எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால் தங்கை படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"வா!" என்று கத்தினேன்.

மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"அது விட்டுட்டுப் போன தரைதானே, வாடி! இத்தன வருஷம் அதுக்குப் பயந்தது போதாதா?"

அழுதுகொண்டே வந்தாள். வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தோண்டினாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது. மட்டி எடுக்கிற வேலை அப்படி. ஒன்று எடுத்தால் அடுத்தது எங்கே என்றுதான் மனசு போகும்.

வாளி நிறைந்த சமயம் அந்தப் பெண் நிமிர்ந்து கடல் பக்கம் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னாள்.

"போவணுமாம்" என்றாள் தங்கை. குரல் மாறிவிட்டது.

வெள்ளைக் கோடு நெருங்கி வந்திருந்தது. அதற்கு முன்னாலேயே பள்ளங்களில் தண்ணீர் கண்ணாடித் தகடுபோல் வழிந்து வந்தது. அலையில்லை, சத்தமில்லை. தங்கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடப் பார்த்தாள்.

"ஓடாத."

"வருதுக்கா!"

"வரட்டும். நட."

"அக்கா..."

"அதுக்கு முன்னாடி ஓடுனது போதும். நட, நேரா நட."

நடந்தோம். பூட்ஸ்காரி முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பின்னால். பின்னாலிருந்து வந்த தண்ணீர் என் குதிகாலைத் தொட்டது. நாய் மோந்து பார்ப்பதுபோல் தொட்டுத்தொட்டு விலகியது. நான் வேகம் கூட்டவில்லை. படியில் ஏறி, மேலே சுவரண்டை நின்று திரும்பினேன். அது படிக்கட்டின் அடியில் வந்து நின்றது. அப்போது அதைப் பார்த்து நான் திட்டிய வார்த்தைகளை எழுத முடியாது. எங்கள் தெருவில் வலை கிழிந்த சண்டையில் கேட்கலாம். நான் என்ன சொல்கிறேன் என்று அந்தப் பெண் தங்கையைக் கேட்டாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு, மொழிபெயர்க்க மாட்டேன் என்றாள். பூட்ஸ்காரிக்குப் புரிந்திருக்க வேண்டும். முதல்முறையாகச் சிரித்தாள். வாளியிலிருந்து இரண்டு கை மட்டி அள்ளி எங்கள் பையில் போட்டாள்.

அன்று ராத்திரி மட்டியை மிளகு போட்டு வதக்கினோம். சாப்பாட்டின் நடுவில் தங்கை தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். ரோட்டுமேட்டில் நின்றது, செருப்போடு தூங்கியது, எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "எனக்குத் தெரியாது" என்றார். "குளிருதுன்னுதானே சொன்ன" என்றார். பிறகு எழுந்து பால்கனியில் போய் நின்றுகொண்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்காக நான் சாப்பாட்டை ஆறவிடவும் இல்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். பூட்ஸ்காரி வந்தாள். மாப்பிள்ளை தானே அவளிடம் போனார். பிரெஞ்சில் நெடுநேரம் பேசினார். நடுவில் ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது, சுனாமி. நெற்றிப்பொட்டை இந்தமுறை தொடவில்லை. பிறகு என் பக்கம் வந்து, "கருவாடு இன்னும் மிச்சம் இருக்காக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு வறுத்தோம். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வறுத்தோம். எந்த வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை.

காரைக்காலுக்குத் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், ஐஸ் ஏற்ற வந்த போட்டுக்காரர்கள் ஆபீஸ் வாசலில் கூடிவிட்டார்கள். பிரான்சில் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். ரொட்டி, நாய், ராத்திரி வெயில் எல்லாவற்றையும் நம்பினார்கள். கடல் தினமும் இரண்டு தடவை மைல் கணக்கில் இறங்கிப்போகும், படகெல்லாம் தரையில் படுத்துவிடும் என்றதும் ஒருவர்கூட நம்பவில்லை.

"அப்புடின்னா அந்தத் தண்ணியெல்லாம் எங்க போவும்?" என்றார் ஒருவர். சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர்.

"எங்கயோ போவுது. எனக்கு என்ன தெரியும்?"

போனில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "தரை தட்டி நிக்கிது. நம்ம முகத்துவாரத்துல தட்டாததா?" என்றார். இன்னொருவர், "போன்ல இப்பல்லாம் என்ன வேணாப் பண்ணலாங்க" என்றார்.

"கடல் அப்புடிப் போனா மனுசன் கரையில நிப்பானா?" என்றார் முதலில் பேசியவர். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார், முடிக்கும்போது சிரிப்பு இல்லை. அவரும் சுனாமி வந்த காலையில் ஒருவரைப் பறிகொடுத்தவர்தான்.

"நிக்கிறாங்க" என்றேன். "நானும் நின்னேன். அது போன எடத்துல எறங்கி நடந்தேன், மட்டி எடுத்தேன், அது வந்தப்ப நடந்தே கரையேறுனேன். நீங்க நம்புனாலும் சரி, நம்பாட்டாலும் சரி."

ஐஸ் உடைக்கிற மெஷினை உள்ளே யாரோ ஓடவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் அவர் என்னவோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் வைத்து, இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன்.